டக் அண்ணனின் வேகக்கடை

கிழக்கு மாகாணத்தில் எஞ்சின்களோடு பேசுகிறவர்கள் பலர் உண்டு. எஞ்சின் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறவர் டக் அண்ணன் ஒருவர்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்துவரும் குட்டிக் கப்பலை 'டக்' என்பார்கள். அதன் எஞ்சின் அறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் என்பதால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரைக் கல்யாண அழைப்பிதழில்கூட யாரும் எழுதுவதில்லை.

கார் டியூனிங்கை அவர் படித்த பல்கலைக்கழகம் பெற்றோல் வரிசை. நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன அந்த வருடம், நான் ஒரு புதன்கிழமை காலை வரிசையில் சேர்ந்து வெள்ளிக்கிழமை மாலைதான் வெளியே வந்தேன், நாட்குறிப்பில் இருக்கிறது. வியாழக்கிழமை முழுவதும் டக் அண்ணன் ஒரு முழ ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு கார் காராகப் போய்க்கொண்டிருந்தார்.

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணும், ஐசே."

"பெற்றோல் இல்லாமத்தானே அண்ணன் வரிசையில நிக்கிறன்!"

"ரெண்டு நிமிசத்துக்கு இருக்கும். உம்மட காருக்கு இருமல்."

மீதியைத் தொலைபேசியில் வீடியோ பார்த்துப் படித்தார். பிறகு ஒரு பழைய லெப்டொப் வாங்கினார். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு, எவ்வளவு பெற்றோல் விடுவது, எந்தக் கணத்தில் தீப்பொறி போடுவது என்று புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் வேலை அது. வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் பலகை தொங்கியது: 'பெர்ஃபோமன்ஸ் டியூனிங்'.

அவர் மனைவி ராணி அக்கா தையல் வகுப்புக்கென்று அதே கொட்டிலில் ஏற்கெனவே கண் வைத்திருந்தார். "பொங்கலுக்குள்ள ஒரு ஆளெண்டாலும் சிரிச்சுக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போகோணும். இல்லாட்டி இதுக்குள்ள தையல் மெஷின்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

மார்கழி பாதியில் ஒரு சின்னக் காரோடு முதல் ஆள் வந்தான். கிண்ணியாவைச் சேர்ந்த ஆஷிக். அவனுடைய ஒரே இலட்சியம் மச்சானின் காரை முந்துவது.

பெரிய கடைகளில் எஞ்சினின் பலத்தை அளக்க உருளை பூட்டிய இயந்திரம் இருக்குமாம். டக் அண்ணனிடம் உவர்மலை ஏற்றம் இருந்தது. அடியிலிருந்து உச்சிவரை எத்தனை விநாடி என்று எழுதும் பொறுப்பு எனக்கு. பாதிவழியில், ஊருக்குள்ளேயே திரியும் மான்கள் வீதியில் படுத்திருக்கும். ஹோன் அடிக்க அவர் விடமாட்டார்.

"அதுகள் ஆறுதலா எழும்பட்டும். இந்த ஓட்டத்தைக் கணக்கில எடுக்காதையும்."

நான் குறிப்பேட்டில் 'மான்' என்று எழுதுவேன். முதல் வாரத்தில் எட்டு ஓட்டம். அதில் ஐந்து மான். ஆனால் மீதி ஓட்டங்களில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டும் அந்தச் சின்னக் கார் மூச்சுவாங்காமல் மேலே போனது.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில் ஆஷிக் காரை எடுத்துப் போனான். அன்று மாலையே திரும்பி வந்தான்.

"என்ன அண்ணன் இது? மச்சான் முந்தினதுமில்லாம, கையும் காட்டிட்டுப் போறான்!"

"தம்பி, நாலு பேரை ஏத்திக்கொண்டு மலையில விட்டுப் பாரும்."

"எங்கட கிண்ணியாவில எங்க அண்ணன் மலை இருக்கு?"

ராணி அக்கா அளவு நாடாவை எடுத்துவந்து கொட்டிலின் அகலத்தை அளக்கத் தொடங்கினார்.

ஆஷிக் போனபின் குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டினேன். கிழமை, நேரம், விநாடி, மான், எல்லாம் இருந்தன. சமதரையில் ஓடிய ஓட்டம் ஒன்றுகூட இல்லை. பக்கம் பக்கமாக எழுதிய எனக்கே அது உறைக்கவில்லை. மலைபோன்ற கப்பல்களை மெல்ல மெல்ல நகர்த்தியே காலம் கழித்தவர் அவர். அவர் காதுக்கு நல்ல எஞ்சின் என்றால் இழுக்கிற எஞ்சின்.

குறிப்பேட்டைக் காட்டினேன். கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"ஓம். வேகத்தை நான் கேக்கவே இல்லை" என்றார். "பொடியன் வந்தா பழையபடி மாத்திக் குடுக்கிறன். ராணிக்கும் கொட்டிலைத் துப்புரவாக்கிக் குடுக்கவேணும்."

மறுநாளே கார் வந்தது. ஓட்டிவந்தவர் ஆஷிக்கின் வாப்பா. பக்கத்தில் ஆஷிக், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"குறிஞ்சாக்கேணிக் கரையில சேத்துக்குள்ள புதைஞ்ச தோணிய இந்தக் கார் இழுத்துப் போட்டிட்டு!" வாப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "டிராக்டர்காரன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். இத மாத்திப்போடாதீங்க. என்ட மீன் லொறியையும் இப்படியே செஞ்சு தாங்க."

"வாப்பா, கார் என்ட!" என்றான் ஆஷிக்.

"நீ சும்மா இரு."

வாப்பா சிரித்தபடியே காரைத் திருப்பிக்கொண்டு போனார். ராணி அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"சிரிக்கிறது கார்க்காரன் இல்லையே" என்றார். பிறகு நாடாவைச் சுருட்டினார். "சரி, ஒரு ஆளெண்டுதானே சொன்னனான்."

இன்று அந்தக் கொட்டிலின் முன்னால் லொறிகளும் வான்களும் முறைபார்த்து நிற்கின்றன. ஆஷிக் இன்னும் மச்சானை முந்தவில்லை; மீன் லொறி தயாரானதும் வாப்பா விட்டுக்கொடுத்த அவனுடைய காருக்கு இப்போது சமதரையில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. என் காரில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஏதோ சத்தம் வருகிறது என்று அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறேன். ஒன்றுமில்லை என்று அவர் இதுவரை என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.