அயர்லாந்துக்காரன் சொன்ன ஏலே

இந்த வருஷம் எப்படியும் பாடிவிடுவது என்று கோமதிசங்கர் முடிவு கட்டிவிட்டார். ஊரே தடுத்தாலும் சரி, உலகமே தடுத்தாலும் சரி. மனைவி வேணி தடுத்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்று ஒத்திவைத்தார்.

பாட்டு லேசுப்பட்டதில்லை. அயர்லாந்துப் புரட்சிப் பாட்டு. புரட்சி என்று பார்த்தால் மனிதர் வாழ்நாளில் ஒரு தோசையைக்கூடப் புரட்டியவரில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றார். தச்சநல்லூரில் வீடு கட்டி, வேணி சொன்ன நிறத்தில் வண்ணம் அடித்தார். ஆனால் அந்தப் பாட்டை முணுமுணுக்கும்போது மட்டும் அவர் மீசை தானாக நிமிரும். பாட்டு முடிந்ததும் மீசை பழைய இடத்துக்கு இறங்கிவிடும்.

பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் பிடித்த பைத்தியம் அது. அறைத்தோழன் ஹசன் அலியின் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். எந்தத் துறைமுகத்திலோ வாங்கின கேசட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் தாடிக்காரர்கள் நாலு பேர். வெள்ளைக்காரத் துரையை எதிர்த்து ஆற்றைக் கடந்து போன இளவட்டங்களைப் பற்றிய பாட்டு. போனவன் எவனும் திரும்பி வரவில்லை. இவ்வளவும் மாமா சொல்லித் தெரிந்ததுதான். பாட்டின் இங்கிலீஷ் இவர்கள் படித்த இங்கிலீஷுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை. ஆனால் பல்லவி மட்டும் பளிச்சென்று புரிந்தது. நாலு தாடியும் சேர்ந்து, "ஏலே... ஏலே!" என்று கூப்பிட்டார்கள்.

"கேட்டியா லே அலி? ஏலேங்கான்! இவன் நம்மாளு லே!" என்று அன்றைக்குக் குதித்தவர்தான். அயர்லாந்து என்பது வள்ளியூருக்குத் தெற்கே எங்கேயோ இருக்கிறது என்கிற மாதிரி ஓர் உறவு மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேசட் ஓடி ஓடித் தேய்ந்து, ஒருநாள் நாடா சிக்கி அறுந்தது. இப்போது போனில் தேடினால் யார் யாரோ பாடுகிறார்கள். அந்த நாலு பேர் பாடினது மட்டும் கிடைக்கவில்லை. அது தன் தொண்டையிலும், வாத்தியம் தட்டுகிற ஹசன் அலி விரலிலும்தான் பாக்கி இருக்கிறது, நாம் போனால் அதுவும் போச்சு என்பதுதான் கோமதிசங்கரின் கவலை. நாலு பேர் காதில் ஒரு தடவை போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தெருச் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பு வேணி. சாப்பிட்ட கையோடு மெல்லப் பேச்செடுத்தார்.

"வேணி, இந்த வருசம் நான் ஒரு அயர்லாந்துப் பாட்டு..."

"அயர்லாந்தா? நீங்க மத்தியானம் சாப்பிட்டு அயருத லாந்து ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

"அந்தப் பாட்டும்மா. குளிக்கும்போது பாடுவேன்லா."

"அதா? மேடையில நின்னு ஊரைப் பாத்து லே லேங்கப் போறியளாக்கும்! யாரை லேங்கிய?"

"வெள்ளைக்காரத் துரையை."

"அவன் நம்ம விழாவுக்கு வாரானா?"

"வரல..."

"பொறவு? வாரது பூரா நம்ம தெருக்காரங்க. சம்பந்தக்காரங்க வேற வாராங்க. பேசாம எங்க தேவாரக் குழுவுல நில்லுங்க. இருக்கது ஒரே ஒரு ஆம்பளக் குரல், அதையும் அயர்லாந்துக்கு அனுப்பிட்டா எப்படி?"

கோமதிசங்கர் எழுந்து டவுணுக்குப் பஸ் ஏறினார். அங்கே ஹசன் அலிக்குக் குடைக் கடை. மாடியில் அவருடைய புல்புல்தாரா வாத்தியம் துணி போர்த்திக் கிடந்தது.

"ஒரே வழிதான் வே," என்றார் ஹசன் அலி. "தொண்டை கட்டிட்டுன்னு சொல்லும். தேவாரப் பயிற்சிக்குக் கூப்பிட மாட்டாங்க. சாயங்காலம் இங்கன வாரும், பழகுவோம். விழா அன்னைக்கு நான் மேடையில ஏறி ஒரு தட்டு தட்டுதேன். தொண்டை சரியாப் போச்சுன்னு நீரு ஏறிரும். மைக்கு முன்னால வந்துட்டா மதினி என்ன செய்வாங்க?"

கோமதிசங்கருக்கு மீசை நிமிர்ந்தது.

மறுநாள் காலை தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காற்று மட்டும் வந்தது. "அச்சச்சோ!" என்றாள் வேணி. அவ்வளவுதான். சித்தரத்தைக் கஷாயம் வந்தது. கற்பூரவல்லிச் சாறு வந்தது. கழுத்தில் கம்பளித் துண்டு ஏறியது. "ஒரு வார்த்தை பேசப்படாது. வேணுங்கறதைச் சைகையில கேளுங்க," என்று உத்தரவும் வந்தது. சட்னிக்கு உப்புப் போதாது என்பதைச் சைகையில் சொல்லிப் பார்த்தார். வேணி இன்னும் ரெண்டு இட்லி வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். காற்றாட நடந்துவிட்டு வருவதாகக் கையைக் காட்டிவிட்டு டவுணுக்குப் போய், குடைக் கடை மாடியில் கூரை அதிரப் பாடினார். ஹசன் அலி வாசிக்கிற வாசிப்பில் ரெண்டு பேரும் விடுதிப் பையன்களாகிவிட்டார்கள். கடைசி ஏலேக்கு முன்னால் அந்தத் தாடிக்காரர்கள் ஒரு மூச்சு நிறுத்துவார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் ரெண்டு பேருக்கும் கண் கலங்கும். ராஸ்கல்கள், என்னமாய் நிறுத்தினார்கள்!

விழா நாள். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கரகரக்கும் மைக். தேவாரம் முடிந்தது. சொன்னபடி ஹசன் அலி புல்புல்தாராவோடு மேடை ஏறி உட்கார்ந்தார். ஆனால் கோமதிசங்கர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. அது கொஞ்சம் இடித்தது. முதல் தட்டு விழுந்தது. கோமதிசங்கர் கழுத்துத் துண்டை உருவி எறிந்துவிட்டு எழுந்தார்.

"என் தொண்டை சரியா..."

"ஐயோ, பேசாதிய!" மைக்கில் வேணியின் குரல் தெருக்கோடி வரை போனது. "எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டை ரொம்ப மோசமாக் கட்டியிருக்கு. தேவாரமே பாட முடியாமப் போச்சேன்னு ஒரே வருத்தம் அவுகளுக்கு!"

"பேசாதிய அண்ணாச்சி! உக்காருங்க, உக்காருங்க!" என்று தெருவே பதறியது. எதிர்வீட்டு டெபோரா டீச்சர் ஓடிவந்து துண்டை எடுத்து மறுபடியும் அவர் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சாமி பாட்டுக்கு மட்டம் போட்டது ஊர் முழுக்கத் தெரிந்துபோகும். கோமதிசங்கர் துண்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதனால அவுகளுக்குப் பிடிச்ச அயர்லாந்துப் பாட்டை, அவுகளுக்காக நானே பாடுதேன்," என்றாள் வேணி.

பாடினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று துண்டு நீட்டி நீட்டியே பாட்டு மொத்தமும் அவளுக்குப் பாடமாகியிருந்தது. இவர் வாய்க்கு வந்தபடி உளறுகிற இடங்களில் அவளே தமிழ் போட்டிருந்தாள். ஆற்றைத் தாண்டிப் போன பிள்ளைகளை அம்மாக்காரிகள் கரையில் நின்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிற வார்த்தை ஏலே. ஒவ்வொரு ஏலேக்கும் அவள் கை நேராகக் கோமதிசங்கரை நோக்கி நீண்டது. கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க என்று மரியாதை குறையாமல் கூப்பிட்டவள், மேடையில் நின்று, பக்கவாத்தியத்தோடு, சம்பந்தக்காரர்கள் முன்னிலையில் அவரை 'ஏலே' என்றாள். பிள்ளைகள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு மொத்தமும் "ஏலே! ஏலே!" என்று கைதட்டியது.

கடைசி ஏலேக்கு முன்னால் வேணி ஒரு மூச்சு நிறுத்தினாள். அச்சு அசல் அதே இடம், அதே மூச்சு. கோமதிசங்கர் பொலபொலவென்று அழுதுவிட்டார். தன்னோடு போய்விடும் என்று பயந்த பாட்டு, தெருப் பிள்ளைகள் வாயிலெல்லாம் குதித்துக்கொண்டிருந்தது. இனி அதற்குச் சாவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப எரிச்சலாகவும் இருந்தது.

விழா முடிந்ததும் ஹசன் அலியைப் பந்தல் காலோரம் பிடித்தார்.

"துரோகி! ஏன் லே சொல்லல?"

"மதினி சொதிக் கொழம்பு கொடுத்துவிட்டாங்க வே. இஞ்சித் துவையலோட. நான் என்ன செய்ய?"

வேணி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கோமதிசங்கர், இன்னும் காற்றுக் குரலில்.

"தொண்டை கட்டுனவரு மத்தியானத் தூக்கத்துல முழுப் பாட்டையும் பாடுவாராக்கும்? நல்ல பாட்டுங்க. உங்க சுருதியில அது கெட்டுப்போயிரப்படாதுல்லா! சம்பந்தக்காரங்க வள்ளியூர்ல பாடக் கூப்பிட்டிருக்காங்க, அடுத்த வாரம் போறோம்."

"நானுமா?" மீசை நிமிர்ந்தது.

"நீங்க இல்லாமலா?" வேணி பைக்குள் கைவிட்டு, கயிறு கோத்த பித்தளை ஜால்ராவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஜால்ராவா? எனக்கு இதெல்லாம் போடத் தெரியாதே வேணி!"

"நல்லா இருக்கே! கல்யாணமான நாள்லேர்ந்து போட்டுப் பழகுன கைதான."