நான் துண்டிக்கவில்லை, பெரியம்மா

நூம்பல்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய சரசா பெரியம்மா அவர்களுக்கு, தங்கை மகள் அகல்யா கைகூப்பி எழுதுவது. இங்கே நானும், என்னோடு இந்த வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கும் வர்ஷாவும் நலமே. திண்டிவனத்தில் தங்கள் மூட்டுவலி குறைந்தும், பணி ஓய்வன்று பள்ளிக்கூடத்தில் பரிசளித்த சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டியும் வர வேண்டுகிறேன்.

"தங்கள்" என்று எழுதியதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கடிதம் எழுதிப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கை தானாகவே நினைத்துக்கொள்கிறது. போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். பேசியிருக்கலாம்தான். நேற்று மாலை மட்டும் நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. போனைப் பக்கத்திலேயே வைத்து, அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் முருங்கைக்கீரை ஆய்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை வர்ஷாவின் போனிலிருந்து கூப்பிட்டபோது மட்டும் எடுத்தீர்கள். அவள் "அகல்யாகிட்ட தரேன் ஆன்ட்டி" என்றதுமே, "வேணாம்மா. நான் ஒண்ணும் கேக்கலைன்னு அவகிட்ட சொல்லிடு" என்று வைத்துவிட்டீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு நான்கு நாட்களாக அலைகிறேன். ஆகவே இந்தக் கடிதம். இதில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: போன செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் அழைப்பை நான் துண்டிக்கவில்லை. போன் தானாக அணைந்தது. "சத்துணவுக்கூடத்துச் சாவியக் குடுத்தாச்சு. இனிமே இங்க எனக்கு என்ன வேலை? நான் அங்க வந்து உன்கூடயே..." என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் திரை கருத்துவிட்டது. அதற்கப்புறம் நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உன்கூடயே பொங்கல் கொண்டாடட்டுமா, உன்கூடயே திருவேற்காடு கோயிலுக்குப் போகட்டுமா, எதுவாகவும் இருந்திருக்கலாம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஆயுத பூஜைக்கு நீங்கள் இங்கே வந்திருந்தீர்கள். முதல் நாளே வீடு முழுவதையும் கழுவி, கேஸ் அடுப்பு, மிக்சி, இஸ்திரிப் பெட்டி, வர்ஷாவின் ஸ்கூட்டர், என் லேப்டாப் என்று ஒன்று விடாமல் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தீர்கள். பேனாவுக்குக்கூட வைத்தீர்கள். என் போன் மேல் கை வந்தபோது மட்டும் தயங்கினீர்கள். "மூஞ்சில வெச்சா நீ தேய்ச்சுத் தேய்ச்சு அழிச்சிடுவே. முதுகுல உறை போட்டிருக்கே. காலடியில வெக்கிறேன், அங்க யார் பாக்கப் போறாங்க" என்று சொல்லி, போனின் அடிவிளிம்பில், சரியாக நடுவில், வட்டமாகச் சந்தனம் வைத்து அதன் நடுவில் கடுகளவு குங்குமம் வைத்தீர்கள். அவ்வளவு அழகாக இருந்தது. அந்த நடுவில்தான் சார்ஜர் நுழையும் துளை இருக்கிறது என்பது உங்களுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. நான் பொறியியல் படித்தவள் என்பதை இந்த இடத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

மறுநாளிலிருந்து போன் நினைத்தால் சார்ஜ் ஏறியது, நினைக்காவிட்டால் ஏறவில்லை. ஒயர் போய்விட்டது என்று நினைத்தோம். இந்த வீட்டிலும் என் அலுவலகத்திலும் இருந்த ஒயர்களையெல்லாம் செருகிப் பார்த்தோம். செருகும்போது கொஞ்சம் அழுத்தினால் ஏறியது. அதனால் அழுத்தினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிறகு வர்ஷா ஒரு கோணத்தைக் கண்டுபிடித்தாள். போனைக் குப்புறப் படுக்க வைத்து, ஒயரை வேலப்பஞ்சாவடிப் பக்கமாக வளைத்து, மேலே கனமாக எதையாவது வைத்தால் அந்தச் சின்ன மின்னல் குறி வருகிறது! அது வந்த நொடியில் நாங்கள் இருவரும் தரையில் மண்டியிட்டுக் குனிந்து, கர்ப்பக்கிரகத்தில் தீபாராதனை காட்டும்போது நிற்பதுபோல வாயடைத்துப் போயிருந்தோம். கனத்துக்கு, தீபாவளிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை வைத்தோம். நான்கு நாள் அருமையாக ஏறியது. ஐந்தாம் நாள் ஏறவில்லை. என்னவென்று பார்த்தால் வர்ஷா முறுக்கைத் தின்றுவிட்டிருக்கிறாள். "நாலு முறுக்குதான்டி தின்னேன்" என்றாள். "நாலு முறுக்கு இல்லை, முப்பது சதவீதம்" என்று நான் கத்தினேன். முறுக்கு தீர்ந்ததும் புத்தகங்களுக்கு மாறினேன். கவிதைத் தொகுப்புகள் ஒன்றுக்கும் உதவவில்லை. சிறுகதைகள் இரண்டு மூன்று சதவீதம் ஏற்றிவிட்டுக் கைவிட்டன. கடைசியில் அட்டை கிழிந்த பல்லவர் வரலாறு ஒன்றுதான் போனை உயிரோடு வைத்திருந்தது. புத்தகங்களின் எடையைப் பற்றி இத்தனை நாள் நான் வைத்திருந்த கருத்துகளை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்று, செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு, நீங்கள் கூப்பிட்டபோது போன் பல்லவர்களுக்கு அடியில் ஆறு சதவீதத்தில் இருந்தது. எடுத்துப் பேசினேன். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

வெள்ளிக்கிழமை அம்பத்தூரில் என் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போனில் வரும் எண்ணைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். போன் செத்துக் கிடந்தது. காவலுக்கு நிற்கும் பேபி அக்கா தன் சார்ஜரைக் கொடுத்தார். நான் அந்தக் கோணத்தைத் தேடி, ஒரு கையால் போனைத் தாங்கி, மறு கையால் ஒயரை அழுத்தி, மூச்சுக்கூட விடாமல் நிற்பதைப் பார்த்து, "இன்னாம்மா, கொயந்தைக்கு மருந்து ஊத்துற மேரி புடிச்சிகினு நிக்கிறே?" என்றார். சொன்னேன். "அட, மண்ணூர்பேட்டையில நம்ம பானு கீறா. அவகிட்ட குடு. புது போன் வாங்குன்னு சொல்ல மாட்டா" என்று வழி சொன்னார். நேற்று மத்தியானம் போனேன்.

பெரியம்மா, இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒரு பரோட்டா கடைக்கும் ஒரு லேத் பட்டறைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. உள்ளே பானுப்பிரியா. நாற்பது வயது இருக்கும். எனக்கு முன்னால், உடைந்த திரையை மாற்றக் கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோ ஓட்டும் துலுக்கானம் என்பவர் காத்திருந்தார். பானுப்பிரியா என் போனை வாங்கி, திருப்பிக்கூடப் பார்க்காமல், "எப்போலேந்து இப்டி?" என்றாள்.

"ஆயுத பூஜையிலிருந்து."

"அப்போ கேக்கவே வேணாம். கம்பெனிங்க கீற எஸ்டேட் ஏரியா இல்ல? பூஜை முடிஞ்சா ஒரு மாசத்துக்கு எனக்கு இதே வேலைதான். எல்லாரும் கரீட்டா வாயிலயே பொட்டு வெச்சிட்றாங்க."

அவள் போனை ஒரு பூதக்கண்ணாடிக் கருவியின் அடியில் வைத்தாள். அதில் தெரிவது பக்கத்தில் ஒரு சின்னத் திரையிலும் தெரியும். விளக்கைப் போட்டாள். பெரியம்மா, அங்கே ஒரு நாடு இருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னத் துளைக்குள், வெயிலில் வெடித்த மஞ்சள் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அதன் நடுவே ஒரு சரிவில், அதிகாலைபோலச் சிவப்பு. அது நீங்கள் வைத்த குங்குமம். பாறைகளுக்கு இடையே நீல நிறத்தில் ஒரு காடு. என் நீலச் சுடிதார்ப் பையிலிருந்து வந்த நூல்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால், பாதி புதைந்து, ஒரு மெல்லிய நாக்கு. நாக்கின் மேல் பக்கத்தில் பன்னிரண்டு தங்கக் கோடுகள், கீழ்ப் பக்கத்தில் பன்னிரண்டு என்று பானுப்பிரியா சொன்னாள். அவற்றின் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டுமாம். இத்தனை நாள் நான் உங்களோடு பேசியது, சிரித்தது, சண்டை போட்டது, எல்லாவற்றுக்குமான உயிர் தலைமுடியைவிட அவ்வளவொன்றும் அகலமில்லாத அந்தக் கோடுகள் வழியாகவே வந்துகொண்டிருந்திருக்கிறது. ஐந்து வருடமாகக் கையில் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்ததில்லை.

"த்தோடா! இன்னாமே இது, திருத்தணி மல மேரி கீது!" என்று துலுக்கானம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கம்னு இரு அண்ணாத்தே. மூச்சு உட்டா பறந்துடும்."

"மூச்சு உடலன்னா செத்துடுவேன்மா."

"ரெண்டு நிமிசம் செத்துக் கெட. அப்பால எய்ந்துக்கோ."

அவள் மின்விசிறியை நிறுத்தினாள். ஒரு ஊசியை எடுத்தாள். திரையில் அந்த ஊசி கடப்பாரைபோலத் தெரிந்தது. ஆனால் அது ஆடவில்லை. கொஞ்சம்கூட ஆடவில்லை பெரியம்மா. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடித் தரையே அதிர்ந்துகொண்டிருக்கிறது, தெருவில் லாரி போகிறது, அந்தக் கடப்பாரை மட்டும் தங்கக் கோடுகளைத் தொடாமல், பாறையின் கீழே நுழைந்து, ஒவ்வொன்றாக நெம்பி வெளியே கொண்டுவருகிறது. எப்படி என்று கேட்டேன். "பன்னெண்டு வருசம் எஸ்டேட்டுல சர்க்யூட் போர்டு போர்டா ஈயம் பத்த வெச்சிகினு இருந்தேன். கம்பெனிய இஸ்து மூடிட்டான். கை மட்டும் அப்டியே கீது" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. நான் நிறையப் படித்திருக்கிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அவ்வளவு அசையாத ஒரு கையைப் பற்றி எதிலும் படித்ததில்லை.

"யாரு வெச்சது?" என்றாள் நடுவில்.

"பெரியம்மா."

"நல்லா வெச்சிகீறாங்க. சுத்தமான சந்தனம், குங்குமம் கூட சென்டருல. அவங்க மேல ஒண்ணும் தப்பில்ல. அவங்க வெளிய தான் வெச்சிகீறாங்க. நீதான் ஒயரப் போட்டுக் குத்திக் குத்தி, சிமெண்ட் பூசற மேரி உள்ள தள்ளிகீறே."

இந்த வாக்கியத்தை உங்களுக்காகவே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். தப்பு உங்கள் மேல் இல்லை. நிபுணரே சொல்லிவிட்டார்.

எடுத்த சந்தனத்தை அவள் குப்பைத் தொட்டியில் போடவில்லை. ஒரு காகிதத்தில் தட்டி மடித்தாள். துலுக்கானம், "சாமி சந்தனம், கால்ல கீல படப் போவுது, இங்க குடு" என்று வாங்கி, அதில் விரலைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். என் சுடிதார் நூலும் அதில் கொஞ்சம் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. பிறகு பானுப்பிரியா ஏதோ ஒரு மருந்துத் தண்ணீரில் பிரஷ்ஷைத் தொட்டுத் துடைத்து, சார்ஜரைச் செருகினாள். "டக்" என்று ஒரு சத்தம். ஒரு மாதத்துக்கு மேலாக நான் கேட்காத சத்தம். இத்தனை நாள் அது முழுதாக உள்ளே போகவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மின்னல் குறி வந்தது. அவள் ஒயரை ஆட்டினாள், போனைத் தலைகீழாகப் பிடித்தாள், ஊஞ்சல்போல வீசினாள். மின்னல் போகவில்லை. "புத்கம் கித்கம்லாம் இனிமே படிக்க வெச்சிக்கோ" என்றாள். துலுக்கானம் கைதட்டினார்.

ஆகவே பெரியம்மா, போன் அணைந்தது போனின் குற்றம். போனின் குற்றம் சந்தனத்தால் வந்தது. சந்தனத்தை உள்ளே தள்ளியது நான். இதில் உங்கள் அழைப்பைத் துண்டித்தவர் யாருமே இல்லை. கோபத்தை விட்டு, மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, அடுத்த முறை மணி அடித்தால் கீரையைக் கீழே வைத்துவிட்டு எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எதிர்வீட்டு நடேசன் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வர்ஷா முறுக்குக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

உங்கள் கை என் தலைமேல் இருக்கட்டும் என்று வேண்டும்,
அகல்யா.

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவும் நேரத்தில் கடிதத்தை மறுபடி பிரித்திருக்கிறேன். மேலே எழுதியதில் சந்தனம் உண்மை, முறுக்கு உண்மை, பானுப்பிரியா உண்மை. எனக்குக் கேட்கவில்லை என்றது மட்டும் உண்மையில்லை. "உன்கூடயே இருந்துடட்டுமா அகல்யா?" என்று நீங்கள் கேட்டது தெளிவாகக் கேட்டது. போன் அப்போது அணையவில்லை. பதிலுக்காக நீங்கள் காத்திருந்த மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. நான்தான் பேசவில்லை. வேலை முடிந்து வந்து, யாரோடும் பேசாமல், ஒரு விளக்கின் கீழே தனியாக உட்காரும் என் ஒரு மணி நேரம் இனி இருக்காதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் போன் அணைந்தது. அணைந்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த "அப்பாடா"வை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. நீங்கள் கோபப்பட்டது சரி. "நான் ஒண்ணும் கேக்கல" என்று சொன்னீர்களே, கேட்டீர்கள் பெரியம்மா. அதை இன்னொரு முறை கேட்க வைக்க மாட்டேன். வாங்க. என் அறையில் ஜன்னல் பக்கம் உங்களுக்குக் கட்டில் போட்டாயிற்று. வர்ஷாவும் சரி என்றாள். நீங்கள் விடியற்காலையில் சத்தமாகப் பாட்டுப் போடுவீர்கள், நான் சாயங்காலம் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். நீங்கள் எனக்குத் தொந்தரவாக இருப்பீர்கள், நான் உங்களுக்குத் தொந்தரவாக இருப்பேன். பரவாயில்லை. புதன்கிழமைக்குள் இது உங்கள் கையில் கிடைத்துவிடும். வியாழக்கிழமை ஏழரைக்குக் கூப்பிடுகிறேன். எடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திண்டிவனத்தில் வந்து நிற்பேன், உங்கள் பெட்டியைத் தூக்க.