கண்ணாடித்தாள் பிரிக்காத வாசகர்

மனித இனங்களில் ஒன்றை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். பெயர்: மறுபடி ஆரம்பிக்கப் போகிறவர். வகுப்பு: நாவல் வாசகர். தயவுசெய்து இவரை வாசிப்பை விட்டுவிட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். கோபித்துக்கொள்வார். அவர் விடவில்லை. சற்று இளைப்பாறுகிறார். இளைப்பாறத் தொடங்கிச் சில குளிர்காலங்கள் ஆகியிருக்கலாம். அதனால் என்ன? எங்கள் எரிமலைகள்கூடத்தான் நூற்றாண்டுக் கணக்கில் இளைப்பாறுகின்றன. அதற்காக அவற்றை வெறும் மலை என்று யாராவது சொல்கிறார்களா?

ஐஸ்லாந்தில் எல்லா ஊரிலும் இந்த இனம் உண்டு. வடகரையில் எங்கள் ஊரில் கொஞ்சம் அதிகம். காரணம் எளிது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை இங்கே எல்லாரும் எல்லாருக்கும் புத்தகம் கொடுப்பார்கள். கொடுத்த மறுநாளிலிருந்து எல்லாரும் எல்லாரையும் "படிச்சாச்சா?" என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒருவருக்கு வாசிப்பு நின்றுபோவது சின்னச் சங்கடம் இல்லை. மானப் பிரச்சினை.

ஆகவே அவர் மானத்தைக் காக்கப் பாடுபடுகிறார். நவம்பரில் வீட்டுக்கு வீடு இலவசமாக வந்து விழும் புதுப் புத்தகப் பட்டியலைப் பென்சிலும் கையுமாக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். கவிதை, சமையல், குதிரை வளர்ப்பு எதையும் விடுவதில்லை. சிலதுக்கு வட்டம், சிலதுக்குக் கேள்விக்குறி, ஒன்றிரண்டுக்கு நட்சத்திரம் போடுகிறார். பட்டியலை மூடி, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கசக்கி, நீண்ட நாவல் ஒன்றை முடித்தவரின் பெருமூச்சை விடுகிறார். அவ்வளவுதான். அந்த வருட வாசிப்பு முடிந்தது.

பிறகு காரணங்கள் வரும். முதலில் மூக்குக்கண்ணாடி சரியில்லை. புதுக் கண்ணாடி வரும். அடுத்து விளக்கு. புது விளக்கும் வரும். அடுத்து நாற்காலி முதுகை வலிக்கச் செய்கிறது. எல்லாம் மாற்றியாகிவிட்டதா? மிச்சமிருப்பது எழுத்தாளர்கள்தான். "முன்னெல்லாம் இருபது பக்கத்துக்குள்ள பொணம் விழுந்துடும். இப்ப போலீஸ்காரனோட விவாகரத்தையே நூறு பக்கத்துக்கு எழுதுறாங்க. மனுஷன் எப்படிப் படிக்கிறது?"

அவருடைய பேச்சுக்குத் தனி அகராதி வேண்டும். "நடுவுல இருக்கேன்" என்றால் முதல் அத்தியாயத்தில் இருக்கிறார். "மெதுவா ருசிச்சுப் படிக்கிறேன்" என்றால் முதல் பக்கம். "முடிக்க மனசே வரல" என்றால் கண்ணாடித்தாளையே பிரிக்கவில்லை.

கண்ணாடித்தாளில்தான் இந்த இனத்தின் உயிர் இருக்கிறது. எங்கள் ஊரில் புது நாவல் இறுக்கமான கண்ணாடித்தாள் சுற்றி வரும். அது பிரியாதவரை, கடைக்காரர் ஒட்டிய சீட்டு மேலே இருக்கும்வரை, பண்டிகை முடிந்ததும் கொண்டுபோய் வேறு புத்தகம் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் ஒரே நாவல் இரண்டு வந்துவிட்டவர்களை நினைத்துச் செய்தார்கள். நம்மவருக்கோ அது கோட்டைச் சுவர். பிரிக்காத நாவல் மாபெரும் நாவல். அதில் எதுவும் நடக்கலாம். பிரித்துவிட்டால்? முதல் வரியில் யாரோ ஒருவன் மழையில் காரை நிறுத்துவான். போச்சு.

இவருக்கு ஏற்றமும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாசிப்பு திரும்பும்போது கரையை உடைத்துக்கொண்டு வரும். உருளைக்கிழங்கு தீயும். பெட்ரோல் போட நின்ற இடத்தில் மடியில் நாவலை விரித்துவைத்திருப்பார். பின்னால் நிற்பவர் ஒலிப்பானை அழுத்தி ஓய்ந்துபோவார். அந்த ஒரு வாரம் இவருக்கு உலகத்தின் மேலேயே இளக்காரம்: "ஜனங்க படிக்கிறதையே விட்டுட்டாங்கப்பா." அப்புறம் ஒரு மோசமான நாவல் கையில் சிக்கும். அல்லது, அதைவிட ஆபத்தாக, மிக நல்ல நாவல். அதற்குப்பின் எதுவும் ருசிக்காது. மறுபடி இளைப்பாறல்.

இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. என் அப்பா. பெயர் ஸ்டெயின்தோர். மீன் பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த முறை அவருடைய இறக்கம் அக்டோபரில் தொடங்கியது. அம்மா இறந்த மாதம். அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு எழுத வராது.

துக்க வீட்டுக்கு எங்கள் ஊர் தரும் ஆறுதல் இரண்டு: கேக், கொலை நாவல். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊரே ஒரு கொலை நாவலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆகவே ஊரே அதை அப்பாவுக்குக் கொடுத்தது. சித்தப்பா ஒன்று, பக்கத்து வீடு ஒன்று, பழைய ஆலைத் தோழர்கள் சேர்ந்து ஒன்று, நான் ஒன்று. பண்டிகை முடிந்ததும் அப்பா அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். ஒன்றுக்குப் பதிலாகப் பறவைகளைப் பற்றிய புத்தகம், ஒன்றுக்கு ஜாம் செய்முறை. மூன்றாவதுக்கு மெழுகுவத்தி.

கடையில் இருந்த பெண் சீட்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "ஏன், நாவல் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சுது."

"கண்ணாடித்தாளே பிரிக்கலையே?"

"அதான், அப்படியே பிடிச்சுது."

நான்காவதை மட்டும் வைத்துக்கொண்டார். சுடுநீர்த் தொட்டிக்காக.

எங்கள் ஊர் நீச்சல்குளத்தின் ஓரத்தில் திறந்தவெளியில் ஒரு சுடுநீர்த் தொட்டி உண்டு. தினமும் காலையில் அதில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து அரசாங்கத்தையும் வானிலையையும் நாவல்களையும் திருத்துவது அப்பாவின் கூட்டம். தலைமை வகிப்பவர் ஹால்பெரா, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஊரில் பாதிப் பேரின் வாயைத் திறந்து பார்த்தவர். ஆகவே யார் வாயையும் நம்பாதவர். அம்மாவின் நெருங்கிய தோழி. மற்ற இருவர், பழைய படகுத் தலைவர் ஒட்டுர், தபால் நிலையத்தில் இருந்த கெஸ்துர். தொட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி ஆறாம் தேதி வரை யாரும் கொலைகாரன் பெயரைச் சொல்லக் கூடாது. ஆறாம் தேதி எல்லாம் பேசலாம். அன்றைக்கும் படித்து முடிக்காதவர்கள், பேச்சு முடியும்வரை, பக்கத்தில் இருக்கும் குளிர்நீர்த் தொட்டியில் போய் உட்கார வேண்டும்.

குளிர்நீர் என்றால் சும்மா குளிர்நீர் இல்லை. அந்த நீரும் நான் வேலை பார்க்கும் நீர் நிலையத்துக் குழாயில்தான் போகிறது. அதன் வெப்ப அளவு எனக்குத் தெரியும். சொல்ல விரும்பவில்லை.

அப்பா ஆறாம் தேதி வரை சமாளிப்பது என்று முடிவு செய்தார். இந்த இனத்திடம் அதற்கென்றே பத்திரமான வாக்கியங்கள் உண்டு. ஒரு நாள் காலை நீரில் சாய்ந்துகொண்டு ஒன்றை எடுத்துவிட்டார்.

"அந்தப் பனிப்புயலை எழுதியிருக்கான் பாரு, அடடா. எனக்கே குளிர் எடுத்துடுச்சு."

கவனியுங்கள், இது மோசமான ஆட்டம் இல்லை. எங்கள் நாட்டுக் கொலை நாவலில் பனிப்புயல் இல்லாமல் இருக்குமா?

கெஸ்துர் ஒரு கண்ணைத் திறந்தார். "எந்தப் பனிப்புயல்யா? கதை நடக்கிறது ஜூலைல."

ஒட்டுர் நீரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவனோட மனசுக்குள்ள அடிச்ச புயலைச் சொன்னேன்" என்றார் அப்பா.

ஹால்பெரா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வெந்நீர்க் குழாய்களைப் பராமரிப்பவள். அழுத்தம் குறைந்தால் காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். அப்படித்தான் அப்பாவையும் அணுகினேன். நாற்காலியை நகர்த்தினேன். விளக்கை மாற்றினேன். ஒலிப்புத்தகம் வாங்கிப் போட்டேன். வாசிப்பவர் குரல் வங்கி மேலாளர் மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். கடைசியில் காப்பியை வைத்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"அப்பா, என்னதான் தடுக்குது? கண்ணா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"மனசு ஒட்டலையா?"

அவர் நாவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மாவும் நானும் ஒரே புத்தகத்தை ரெண்டு வாங்குவோம், தெரியும்ல? ஒரே நேரத்துல படிப்போம். நல்ல இடம் வந்தா நான் சத்தமா, 'இதைக் கேளேன்'ம்பேன். அவ, 'நான் இன்னும் அங்க வரல, வாயை மூடு'ம்பா."

"தெரியும். பக்கத்து அறையில எனக்குத் தூக்கமே வராது."

"படிக்கிறது ஒண்ணும் பெரிய வேலை இல்லம்மா. நல்ல இடம் வந்தா என்ன பண்றது? யாரு என்னை வாயை மூடச் சொல்லுவா?"

அந்த அழுத்தத்துக்கு என்னிடம் வால்வு இல்லை. காப்பிக் கோப்பையைக் கழுவப் போனேன்.

ஆறாம் தேதி வந்தது. விடிவதற்கு வெகுநேரம் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஆவி பறந்தது. நானும் போயிருந்தேன். ஹால்பெரா தொட்டியின் விளிம்பைத் தட்டினார்.

"சரி. படிச்சவங்க இருங்க. படிக்காதவங்க கிளம்புங்க. அவங்கவங்க மனசாட்சி."

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரும் அதற்குத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். ஹால்பெராவைப் பார்த்தார். எழுந்தார்.

"நான் படிக்கல. ஒரு பக்கம்கூட."

ஆவி பறக்க நடந்துபோய்க் குளிர்நீரில் இறங்கினார். இறங்கும்போது அவர் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது.

பிறகு ஒட்டுர் எழுந்தார். "இங்க சூடு கொஞ்சம் ஜாஸ்தி." அடுத்து கெஸ்துர். "பாவம், தனியா இருக்கான். துணைக்குப் போறேன்." ஹால்பெரா என் பக்கம் திரும்பினார். "நீ?" நானும் எழுந்தேன்.

குளிர்நீர்த் தொட்டி மூன்று பேருக்கானது. நாலு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் மட்டும் அக்டோபருக்குப்பின் நான் பார்க்காத ஓர் உற்சாகம்.

"டேய் கெஸ்துர். ஜூலைன்னு எப்படிடா சொன்னே?"

"பின்னட்டைல போட்டிருக்கு."

"அயோக்கியப் பயலே. ஒட்டுர், நீ?"

"நான் கடைசிப் பக்கம் மட்டும் படிச்சேன்."

"அப்ப கொலைகாரன் யாருன்னு உனக்குத் தெரியும்?"

"பேரு தெரியும்" என்றார் ஒட்டுர், பல் தந்தியடிக்க. "அந்த ஆளு யாருன்னுதான் தெரியல."

மூன்று கிழவர்களும் சிரித்த சிரிப்பில் தண்ணீர் வெளியே வழிந்தது. சுடுநீர்த் தொட்டியில் ஹால்பெரா மட்டும் இருந்தார். ஊரிலேயே அந்த நாவலை முழுதாகப் படித்த ஒரே ஆள். சுற்றிலும் காலி இடம்.

"வந்து தொலைங்கய்யா" என்று கத்தினார். "அங்கேயே செத்து வெச்சா பழி எனக்கு. நான் எதையும் சொல்லமாட்டேன்."

திரும்பி வந்து சூட்டில் இறங்கினோம். ஹால்பெராவின் முகம் சிவந்திருந்தது. சூட்டினால் என்று நினைத்தேன்.

"ஸ்டெயின்தோர். இந்த நாவலை நான் கிறிஸ்துமஸ் அன்னிக்கே முடிச்சுட்டேன். அதுலேர்ந்து நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டுத் திரியறேன். வழக்கமா மறுநாளே உன் பொண்டாட்டிக்கு ஃபோன் பண்ணுவேன். ரெண்டு பேரும் கொலைகாரனைத் திட்டித் தீர்ப்போம். இந்த வருஷம் ஃபோனை எடுத்து நம்பர்கூடப் போட்டேன்." முகத்தில் நீரை அள்ளி அடித்துக்கொண்டார். "கடைசியில என் பூனைகிட்ட சொன்னேன். அது கண்டுக்கவே இல்ல."

அப்பா நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொலை நல்லா இருக்கா?"

"சொல்லமாட்டேன்."

"ஆளாவது நல்ல ஆளா?"

"வாயை மூடு. போய்ப் படி. நீ முடிக்கிற வரைக்கும் ஆறாம் தேதி முடியல, அவ்வளவுதான்."

சட்டத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அன்று பகலில் ஊர், கிறிஸ்துமஸ் காலத்தை வழியனுப்பும் சொக்கப்பனைக்கு மரம் அடுக்கிக்கொண்டிருந்தது. நான் சமையலறையில் இருந்தேன். உள்ளே கண்ணாடித்தாள் கிழியும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஃபோனில் அப்பாவின் குரல்: "ஹால்பெரா, அந்தப் பாலத்துக்கிட்ட ஒருத்தன் நிக்கிறானே, இதைக் கேளேன்..." எதிர்முனையில் அவர் ஏதோ கத்துவது எனக்கே கேட்டது. அப்பா சிரித்துக்கொண்டே முழுப் பத்தியையும் வாசித்தார். நான் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டேன்.

இந்த இனத்தைப் பற்றி நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இது கொடிய இனம் இல்லை. கடிக்காது. கொஞ்சம் பொய் சொல்லும், நிறைய விளக்கு வாங்கும். ஏற்றம் வந்தால் தாங்க முடியாது, இறக்கம் வந்தால் சொல்லாது. அப்பா இப்போது ஏற்றத்தில் இருக்கிறார். எங்களுக்குத் தூக்கம் போயிற்று.

சரி, உங்களைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கட்டிலருகே ஒரு நாவல் இருக்கிறது, இல்லையா? நாற்பதாம் பக்கத்தில் அடையாளம் வைத்தது. பொங்கலுக்குப் பிறகு, பரீட்சை முடிந்ததும், இந்த வேலைத் தொல்லை ஓய்ந்ததும் எடுக்கலாம் என்றிருக்கிறீர்கள். நல்லது, இளைப்பாறுங்கள். யாரும் உங்களை அவசரப்படுத்தவில்லை. ஆனால் அதை உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் ஏற்கெனவே படித்து முடித்திருப்பார். கொலைகாரன் பெயரை நெஞ்சில் வைத்துக்கொண்டு, உங்களைப் பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் பூனைகூட இல்லாமல் இருக்கலாம்.