மேனேஜர் நோட்டு

"நாயை நான் பார்த்துக்கறேன். நீ கவலையை விடு!" என்று ஸ்வெட்டர் மார்தட்டிச் சொன்னார்.

சொல்லும்போது இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டுதான் சொன்னார். கீழே நாய் இருந்ததே!

ஸ்வெட்டர் என்பது அவருக்கு அம்மா அப்பா வைத்த பேரில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். உள்ளே போனால் மூக்கு உறைந்துபோகும் என்று ஸ்வெட்டரோடு போவார், ஸ்வெட்டரோடு வருவார், வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழற்ற மாட்டார். குடியிருப்பு முழுக்க அந்தப் பேர்தான்.

நாயைக் கொண்டுவந்தது அவர் மனைவி. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிப்போவில் ஒரு ஓட்டை பஸ்ஸுக்கு அடியில் நாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எட்டு வாரக் குட்டி. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அடங்கிவிடும். வந்த அன்றைக்கே வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு மூலையிலும் குறை கண்டுபிடித்து, ஸ்வெட்டரைப் பார்த்து இரண்டு தடவை குரைத்தது. அதனால் 'மேனேஜர்' என்று பேர் விழுந்தது.

ஸ்வெட்டருக்கு மேனேஜரைக் கண்டால் குலைநடுக்கம். "குட்டிதானேங்க" என்பாள் மனைவி. குட்டிதான். பல்லு? ஒவ்வொன்றும் ஊசி. கால் கட்டைவிரலைக் கண்டால் அதற்கு ஆகாது.

"நாய் டாக்டர் என்ன சொன்னார், கேட்டீங்கல்ல?" என்றாள் மனைவி. "நாலு மணி நேரத்துக்கு மேல தனியா விடக்கூடாது. பதினோரு மணிக்கு ஒரு சாப்பாடு, மூணு மணிக்கு ஒரு சாப்பாடு. உடனே வெளிய கூட்டிட்டுப் போகணும். நான் ரெண்டு பஸ் மாறிப் போறவ. நடுவுல வர முடியாது."

"நான் வர்றேங்கறேன்ல."

"உங்களால முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. அக்காவை வரச் சொல்லிடறேன்."

ஸ்வெட்டருக்கு ஸ்வெட்டருக்குள்ளேயே குளிரடித்தது. மனைவியின் அக்கா போன தடவை பத்து நாளைக்கு என்று வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனவள். அந்த மூன்று மாதமும் அவர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. தும்மினால் "ஏன் தும்மறீங்க மாப்ளே?", தும்மாவிட்டால் "உடம்பு சரியில்லையா மாப்ளே?" நாயாவது விரலைத்தான் கடிக்கும்.

"அக்காவை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? பாவம், வயசானவங்க. தினம் ரெண்டு வேளையும் நானே வந்து, நானே ஊட்டி, நோட்டுல மணியோட எழுதி வைக்கறேன். போதுமா?"

"நோட்டுலயா?" என்று மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "சரி, எழுதுங்க."

அவள் வேலையே நோட்டு பார்ப்பதுதான். பத்து நாற்பதுக்கு வந்த பஸ்ஸைப் பத்து இருபதுக்கு வந்ததாக எழுதும் டிரைவர்களைக் கையெழுத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் அவள் மேஜைக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். இது ஸ்வெட்டருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு தைரியம். ஏனென்றால் நோட்டு எழுதுவதில் அவரும் லேசுப்பட்ட ஆளில்லை.

கிடங்கில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குளிர் எவ்வளவு என்று அட்டையில் எழுத வேண்டும். ஸ்வெட்டர் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவார். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் மைனஸ் பதினெட்டு என்று போட்டால் மேலிடத்துக்குச் சந்தேகம் வரும். நடுநடுவே பதினேழரை போட வேண்டும். வாரத்தில் ஒருநாள் சின்னதாக ஒரு கோளாறும் வேண்டும். 'கதவு ரப்பர் லேசாகத் தளர்ந்தது, சரி செய்யப்பட்டது.' கோளாறே இல்லாத அட்டையை எவன் நம்புவான்?

அதே கைவண்ணத்தைத்தான் மேனேஜர் நோட்டிலும் காட்டினார்.

அப்படியானால் நாயைப் பார்த்துக்கொண்டது யார்? கீழ் வீட்டுத் தையலம்மா. அவளிடம் ரகசியமாக ஒரு சாவியைக் கொடுத்துவிட்டார். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அவள் மேலே போய்ச் சோறு வைத்து, குட்டியைக் கீழே தூக்கிவந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் விளையாட விட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவாள். கைமாறாகக் கிடங்கிலிருந்து ஐஸ்கட்டி. திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. தினமும் சாயங்காலம் ஸ்வெட்டர் பையிலிருந்து நோட்டை எடுத்து, அன்றைய பக்கத்தைத் திறந்து நீட்டுவார். மனைவி படித்துவிட்டு, "பரவாயில்லையே" என்பாள். ஸ்வெட்டர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும்.

வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்குக் கிடங்கில் போன் அடித்தது. தையலம்மா.

"சார், கதவைத் திறந்து பாத்தேன். குட்டி இல்ல சார்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல சார்!"

ஸ்வெட்டர் எப்படி ஓடினார், எந்த வழியாக ஓடினார் என்று அவருக்கே தெரியாது. நாற்பத்தொன்பது படியையும் மூச்சு விடாமல் ஏறினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். துணி துவைக்கும் மிஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அங்கேயும் இல்லை. பால்கனிக் கம்பிக்கு நடுவே இருந்த சந்தைப் பார்த்தார். அந்தச் சந்தில் குட்டி நுழையும். கண்ணை மூடிக்கொண்டார்.

"தையலம்மா, நீங்க எட்டிப் பாருங்க. என்னால முடியாது."

அவள் எட்டிப் பார்த்தாள். "கீழ ஒண்ணும் இல்ல சார். ஒரு செருப்புதான் கெடக்கு."

ஸ்வெட்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேற்றுச் சாயங்காலம் அந்தக் குட்டி அவர் கழற்றிப் போட்ட காலுறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியது. அவர் வாசனை பிடித்துப்போய்விட்டது என்று மனைவி சொன்னாள். அதைப் போய் ஒரு நாளாவது கையால் தொட்டோமா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பைக்குள் கையை விட்டார். நோட்டு இல்லை! காலையில் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மறந்துபோய்க் கிளம்பியிருக்கிறார். பிரிட்ஜ் மேல் பார்த்தார். அங்கேயும் இல்லை. நாயும் காணோம், நோட்டும் காணோம்.

செல்போன் அடித்தது. மனைவி!

"என்னங்க, வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

"வ... வந்துட்டேனே."

"ஏன் மூச்சு வாங்குது?"

"மேனேஜரோட விளையாடினேன்."

தையலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டானா?"

"தட்டை நக்கியே சுத்தம் பண்ணிட்டான்."

"இப்ப என்ன பண்றான்?"

"தூங்கறான். மல்லாந்து படுத்து, நாலு காலையும் தூக்கிட்டு."

"அப்படியா? வயிறு எப்படி இருக்கு? போக்கு கீக்கு ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே! கல்லு மாதிரி இருக்கான்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். தடவிக் குடுத்துட்டே பேசறேன்."

"தடவிக் குடுக்கறீங்களா! நீங்களா!" மனைவி குரல் ஒரு மாதிரி தழுதழுத்தது. சிரிப்பா அழுகையா என்று ஸ்வெட்டருக்குப் புரியவில்லை. "சரி, மூணு மணிக்கு ஜாக்கிரதையா இருங்க."

போனை வைத்தபோது ஸ்வெட்டரின் ஸ்வெட்டர் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் நிலையில் இருந்தது. அதோடு தெருவில் இறங்கினார். ஒவ்வொரு காருக்கு அடியிலும் முழங்கால் போட்டுக் குனிந்து, "மேனேஜர்! மேனேஜர்!" என்று கூப்பிட்டார். பிஸ்கட்டைக் காட்டி, "வாங்க மேனேஜர், கோபப்படாதீங்க மேனேஜர்" என்று கெஞ்சினார். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வேலை போன துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெரிய தெருநாய் உறுமிக்கொண்டு எழுந்தது. வேறு நாளாக இருந்தால் ஸ்வெட்டர் சுவரேறியிருப்பார். அன்றைக்கு அதனிடமே, "நம்ம குட்டியைப் பாத்தியா?" என்று கேட்டார். அதுவே பயந்துபோய் நகர்ந்தது.

மூன்று மணி ஆயிற்று. நான்கும் ஆயிற்று. ஐந்தரைக்கு மனைவி படியேறி வந்தபோது ஸ்வெட்டர் மேல்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலெல்லாம் மண்.

"மேனேஜர் எங்க?"

"தூங்கறான்."

"இன்னுமா மல்லாந்து தூங்கறான்?"

அவ்வளவுதான். அணை உடைந்துவிட்டது. "தொலைச்சுட்டேன்டி! குட்டியைத் தொலைச்சுட்டேன்! நான் ஒரு நாள்கூட வரல. தையலம்மாதான் பாத்துக்கிட்டாங்க. என்னை என்ன வேணும்னாலும் பண்ணு. குட்டியை மட்டும் தேடிக் குடு!"

மனைவி தோளில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இரண்டு தடவை குரைத்தது.

ஸ்வெட்டர் பாய்ந்து குட்டியை அள்ளினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயைக் கையில் எடுத்தார். அது எடுத்த எடுப்பில் அவர் மூக்கைக் கடித்தது. கடிக்கட்டும்! விடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

அழுது முடியும்வரை மனைவி காத்திருந்தாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"காலையில எட்டு மணிக்குப் பாத்தேன். அப்பவே இன்னிக்குப் பக்கம் நிரம்பியிருக்கு. படிக்கட்டுமா? 'வியாழன், மூணு மணி அஞ்சு நிமிஷம். லேசாக வயித்தால போச்சு. சரி செய்யப்பட்டது.'"

ஸ்வெட்டர் நாயின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. உடனே பையில போட்டுக்கிட்டு, டிப்போவுக்குப் போற வழியில டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். 'டாக்டர், இவனுக்கு மத்தியானம் மூணு மணி அஞ்சு நிமிஷத்துக்கு வயித்தால போகப்போகுது. இப்பவே மருந்து குடுங்க'ன்னேன். அவர் குட்டியை விட்டுட்டு என்னைத்தான் சோதிச்சுப் பாத்தாரு."

"அது வந்து..."

"தையலம்மா விஷயம் திங்கக்கிழமையே தெரியும். குட்டி மேலெல்லாம் நூல் பிசிறு. உங்க கிடங்குல சட்டையா தைக்கிறாங்க? நீங்களா வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பாத்தேன். சரி, போகட்டும். உங்களால முடியாது. அக்காவுக்குப் போன் பண்றேன்."

"வேண்டாம்!" ஸ்வெட்டர் அலறிய அலறலில் குட்டியே வாயை மூடிக்கொண்டது. "எழுதிக் குடுக்கறேன்! எது வேணும்னாலும் எழுதிக் குடுக்கறேன்!"

மனைவி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பேனாவையும் அவளே கொடுத்தாள். 'நாளை முதல் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நானே நேரில் வந்து, நானே கையால் ஊட்டி, நானே வெளியே கூட்டிப்போய், நானே சுத்தம் செய்வேன். ஒவ்வொரு வேளையும் தையலம்மா மணி பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.' அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு கையில் நாய், ஒரு கையில் பேனா. கீழே கையெழுத்தும் போட்டார். மனைவி மை காய ஊதி, பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இனிமே அக்கா வர மாட்டாங்கல்ல?" என்று ஸ்வெட்டர் ஈனக்குரலில் கேட்டார்.

"அக்காவா? அவ எங்கங்க வருவா? நாய்ன்னா அவளுக்கு உங்களைவிடப் பயம்."