நான்கு புகைபோக்கி எஞ்சின்

எங்கள் வீட்டு முன்னறையைக் கைப்பற்றியே தீருவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன்.

யார்க்‌ஷயரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் முன்னறை உண்டு. பாதிரியார் வந்தால் திறப்போம். யாராவது செத்தால் திறப்போம். மற்ற நாளெல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் நாற்காலிகள்தான் குடியிருக்கும். ரயில் தொழிற்சாலையில் படம் வரைபவனான நானோ, உலகத்தையே மாற்றப்போகும் நீராவி எஞ்சினைச் சமையல் மேசையில் உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவே வரைந்துகொண்டிருந்தேன்.

சாதாரண எஞ்சின் இல்லை. இரண்டு கொதிகலன். நான்கு புகைபோக்கி. இருபது சக்கரம். ஓட்டுநர் மகாராஜா மாதிரி முன்னால் உட்கார்ந்திருப்பார். நிலக்கரியை யாரும் அள்ள வேண்டாம். சங்கிலியே கொண்டுபோய் நெருப்பில் போடும்.

"வின்னி, எனக்கு முன்னறை வேணும்," என்றேன் மனைவியிடம்.

"எடுத்துக்குங்க. சாயங்காலம் அப்பா வர்றார். இந்த எஞ்சினை ஓட்டுறேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், சாவியைத் தர்றேன்."

மாமனார் நாற்பது வருடமாக எஞ்சின் ஓட்டுபவர். வளைவில் திரும்புமா, பாலம் தாங்குமா என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சாவி கைக்கு வந்த மாதிரிதான்.

அவர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"டீ கேனை எங்க வைக்கிறது மாப்ளே?"

"டீயா மாமா?"

"நெருப்புக் கதவுக்கு மேல வச்சாத்தான் சூடா இருக்கும். நெருப்பை நடுவுல வச்சுட்டு என்னை முன்னால உட்கார வச்சிருக்கீங்களே. டீ இல்லாத எஞ்சினை இந்த ஊர்ல எவன் ஓட்டுவான்?"

அழித்தேன். ஓட்டுநரை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். இடைஞ்சலாக நின்ற ஒரு கொதிகலன் போயிற்று. அதோடு இரண்டு புகைபோக்கியும் போயின.

"சரி. பன்றிக்கறியை எதுல வறுக்கிறது?"

"எஞ்சின்லயா?"

"கரி அள்ளுற ஷவலைக் கழுவிட்டு அதுலதான் வறுப்போம். உங்க எஞ்சின்ல ஷவலே இல்லையே?"

ஷவல் வந்தது. சங்கிலி போயிற்று. அள்ளுவதற்குக் கரி பின்னால் வந்தது. ஒரு கொதிகலனுக்கு ஒரு புகைபோக்கி போதாதா என்றாள் வின்னி. இவ்வளவு சக்கரத்துக்கும் யார் எண்ணெய் போடுவது என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ரப்பர் தேயத் தேய அழித்தேன்.

"இப்ப சரி," என்றார் மாமனார். "இதை ஓட்டுறேன். நாப்பது வருஷமா இதைத்தானே ஓட்டுறேன்."

காகிதத்தைப் பார்த்தேன். தொழிற்சாலை ஷெட்டில் தினமும் பார்க்கும் அதே எஞ்சின்.

வின்னி சாவியை நீட்டினாள். "சொன்ன சொல் மாற மாட்டேன். ஆனா வரையறதுக்கு இன்னும் என்னங்க பாக்கி?"

சாவியை நானே ஆணியில் திரும்ப மாட்டினேன்.

மாமனாரை வழியனுப்ப வாசல்வரை போனேன். "வின்னி உங்களுக்கு வச்ச பன்றிக்கறியையும் டீயையும் தொடவே இல்லையே மாமா?"

"ரெண்டும் எனக்கு ஆகாதுன்னு டாக்டர் நிறுத்தி ஆறு வருஷமாச்சு மாப்ளே," என்றார். "வின்னி கேக்கச் சொன்னா, கேட்டேன்."