வெள்ளியில் ஓர் உணவுக்குழாய்

மண்கும்பான்,
ஐப்பசி 12

அன்புள்ள மச்சான் வல்லிபுரம் அவர்களுக்கு,

நானும் உமது அக்கா இராசமணியும் அம்மாள் புண்ணியத்தில் சுகம். உமது சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. புட்டு நெஞ்சுக்குள் நின்றுகொள்கிறது, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் வேண்டியிருக்கிறது என்று உமது வீட்டுக்காரி அழுது சொல்லிவிட்டா. மண்டைதீவில் இருக்கிறவனுக்குப் பக்கத்து மண்கும்பானிலிருந்து ஒரு கடிதமா என்பீர். போனில் ஆஸ்பத்திரி என்றவுடன் "சிக்னல் இல்லை" என்று வைக்கிறீர். நேரில் வந்தால் பின்வளவால் போய்விடுகிறீர். கடிதத்திடமிருந்து எப்படி ஓடுவீர் என்று பார்ப்போம்.

எனக்கும் இதே புட்டில்தான் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் வாய்க்குள்ளால் கமரா விட்டுப் பார்த்த டொக்டர், உணவுக்குழாயின் அடியில் நகத்தளவு புற்றுநோய், இன்னும் மேல்தோலைத் தாண்டவில்லை என்று கொழும்புக்கு அனுப்பினார். நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்று நான் காணி உறுதிகளை எல்லாம் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனேன். அங்கே மயக்க மருந்து தந்து, அதே வாய்வழியால் குழாயை விட்டு, பாலாடை எடுப்பதுபோல அந்தத் தோலை மட்டும் அரிந்து எடுத்திருக்கிறார்கள். கண் விழித்ததும், "எப்ப தொடங்கப் போறியள்?" என்று கேட்டேன். "முடிஞ்சுது ஐயா, ரெண்டு நாளைக்குக் கஞ்சித்தண்ணி மட்டும் குடியுங்கோ" என்றா நேர்ஸ்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். ஊர் திரண்டு பால்மாப் பேணியும் தோடம்பழமுமாக என்னைப் பார்க்க வந்தது. சேர்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன், ஒரு கீறல்கூட இல்லை. சிவயோகம் அக்கா என் முதுகையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தையல் இல்லாத ஒப்பரேசனோ? இவர் கொழும்பு பார்க்கப் போயிட்டு வந்திருக்கிறார்" என்று கொண்டுவந்த பேணியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டா. அவவுக்குப் பித்தப்பை எடுத்ததில் பதினாலு தையல், அந்தத் திமிர்.

பிறகு நேர்த்தி. சுகம் வந்தால் நயினாதீவு அம்மாளுக்கு வெள்ளி உரு வைப்பதாக உமது அக்கா வேண்டியிருந்தா. கண் நோய்க்குக் கண், கால் நோய்க்குக் கால் என்று அடித்து வைத்திருக்கும் நகைப் பத்தர் பரமலிங்கம், உணவுக்குழாய் எப்படி இருக்கும் என்று என்னையே கேட்டார். நான் கண்டேனா? நீளமாக, சற்று வளைந்து, ஒரு முனையில் வாய் என்று கையால் காட்டினேன். அச்சொட்டாகப் பாம்புபோல அவர் அடித்துத் தந்ததைத் தட்டில் வைத்துக்கொண்டு குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஏறினோம். அந்த லோஞ்சில் வெள்ளி நாகம் கொண்டுபோகிறவர்கள் யார் என்று உமக்குத் தெரியும், பிள்ளை வரம் கேட்கிறவர்கள். பக்கத்தில் இருந்த மனுசி தட்டைப் பார்த்தா, என் நரையைப் பார்த்தா, அறுபத்தொரு வயது இராசமணியைப் பார்த்தா. "அம்மாள் தருவா, நம்பிக்கையை விடாதேங்கோ" என்று கண் கலங்கினா. உமது அக்கா கடலுக்குள் குதிக்காத குறை. அந்த மனுசி என்ன சொல்லிவைத்தாவோ, திரும்பும்போது பஸ் கொண்டக்டர் ஓர் ஆளை எழுப்பிவிட்டு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு என்று வைத்திருக்கும் முன்சீற்றை அவவுக்குக் கொடுத்தார்.

இவ்வளவு மானம் போனாலும் மச்சான், உயிர் போகவில்லை. இப்போது புட்டு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. உமக்கும் அதுதானோ வேறு ஏதோ, பார்த்தால்தானே தெரியும்? நேரத்தோடு பிடித்தால் வாய்வழியோடு முடியும். முற்றவிட்டால் நெஞ்சைத் திறப்பார்கள். தையல் நிறைய இருக்கும், ஊருக்குக் காட்ட நீர் இருப்பீரோ தெரியாது. பயப்பட இதில் ஒன்றுமே இல்லை. என்னைப் பாரும்.

அம்மாள் உமக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தரட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உமது அத்தான்
ஆழ்வாப்பிள்ளை

பி.கு.: என்னைப் பார்க்க வேண்டாம். ஒப்பரேசன் முடிந்து மூன்றாம் மாதம் திரும்பவும் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை நான் போகவில்லை; பஸ் பழுது, வயிற்றோட்டம் என்று உமது அக்காவுக்குப் பொய் சொன்னேன். உண்மையில் பயம் மச்சான். அது திரும்ப வந்திருந்தால்? வியாழன் காலை கிளினிக்கில் இரண்டு பேருக்கும் நம்பர் எடுத்து வைத்திருக்கிறேன். நீர் வந்தால்தான் நானும் போவேன். வெறும் வயிற்றோடு வாரும். முதலாம் நம்பர் உமக்கு.