நீலமாகாத அட்டை

ஒன்பது மணிக்கு வெளிர்நீலமாக மாறிய சோதனை அட்டை, பதினொரு மணிக்கு வெள்ளையாகவே நின்றது. கல்லூரி ஆசிரியை ஷில்பா இன்னோர் அட்டையை நனைத்துப் பார்த்தாள்; அதுவும் வெள்ளைதான். நீலமானால் தண்ணீர் சுத்தம். வெள்ளையென்றால் பூச்சிமருந்து இருக்கிறது.

தக்காளித் தோட்டத்து மருந்து இறங்கிவிட்டதென்று ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் கிணற்றைப் பூட்டி எட்டு மாதமாகிறது. அந்தத் தண்ணீரைத்தான் கல்லூரி மொட்டைமாடியில், டைட்டானியம் பவுடர் பூசிய கண்ணாடித் தட்டில் வைத்திருந்தாள். வெயில் பட்டால் பவுடர் மருந்தைச் சிதைத்துவிடும். ஒரு மாதமாகத் தவறாமல் சிதைத்தது. இன்று மூன்று மணிக்குப் பெங்களூரிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் சரியென்றால் கிணறு திறக்கும்.

"கங்கம்மாக்கா, யாராவது இதுல கை வெச்சாங்களா?"

"ஈ, காக்கா அண்டல மேடம்" என்றாள் அட்டெண்டர் கங்கம்மா. "நான் இங்கியேதான கீறேன்."

மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிறதோ? இருவருமாகத் தட்டை மாடியின் நடுவுக்கு இழுத்தார்கள். பன்னிரண்டு மணி: வெள்ளை.

வெயில் போதவில்லையோ? இரண்டு மடங்கு அகலமான தட்டுக்கு மாற்றினாள். ஒரு மணி: பால் வெள்ளை.

பவுடரை இன்னும் அள்ளிப் போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். கீழே ஓடிப்போய்ப் புது அட்டை டப்பா கொண்டுவந்தாள். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

"ஏன் மேடம் இப்டி பதற்றீங்க? போயி ஒரு வாய் சாப்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

"சாப்பாடா? கிணறு தொறக்கலன்னா லைன்ல எப்படிக்கா தலை காட்டுவேன்?"

மூன்று மணிக்குக் குழுத்தலைவர் தாமோதரன் மாடியேறி வந்தார். கிணற்றுத் தண்ணீரில் ஓர் அட்டையை நனைத்தார், தட்டுத் தண்ணீரில் ஒன்றை. கிணற்று அட்டையிலாவது லேசாக நீலம் தெரிந்தது. தட்டு அட்டை சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"ஏம்மா, சுத்தம் பண்ணதுலதான் விஷம் ஜாஸ்தியா இருக்கு!"

ஷில்பாவுக்குக் கண் கலங்கியது.

கங்கம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள்.

"இன்னா சார் அப்டி சொல்லிட்டீங்க! நீங்க வர்றீங்கன்னு காத்தால ஒம்போது மணிக்கு அப்பாலருந்து மணிக்கு ரெண்டு வாட்டி இந்தத் தட்டுல நான் மருந்து அடிச்சிகினே கீறேன், ஒரே ஒரு கொசு உழுந்திருந்தா காட்டுங்க பாப்போம்!"